தெர்மாமீட்டர் மேடம்

என் அக்காவுக்கு மாணவிகள் வைத்த பெயர் தெர்மாமீட்டர். அது அவளுக்கும் தெரியும். "வச்சிட்டுப் போகட்டும், பட்டப்பேரு வைக்கிற அளவுக்குத் தெம்பா இருக்குதுங்களே, அது போதும்" என்பாள். பெண்கள் கல்லூரி விடுதியில் அவள் வார்டன். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எங்கள் வீட்டுக்கு அத்தி பூத்தாற்போலத்தான் வருவாள். வந்தால் சும்மா இருப்பாளா? என் வீட்டுக்காரர் ஒரு தும்மல் போட்டால் போதும், புறங்கையை அவர் நெற்றியில் வைத்துவிடுவாள். "உங்க அக்கா கிளம்பினதும் சொல்லு, நான் தும்மிக்கிறேன்" என்பார் அவர்.

விடுதியிலும் இதே கதைதான். சாயங்காலம் சாப்பாட்டுக்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகை எடுப்பாள். வருகிற ஒவ்வொருத்தி நெற்றியிலும் புறங்கை. கொஞ்சம் சூடு தெரிந்தாலும் தீர்ந்தது: தனி அறை, வீட்டுக்கு ஃபோன், பெற்றவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். பரீட்சையாவது ஒன்றாவது! அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்திக்கு வந்த சின்னம்மை மாடி மாடியாக ஏறி விடுதியையே படுக்கப் போட்டுவிட்டது. அந்தப் பயம் அவளை விட்டுப் போகவே இல்லை. நியாயமான பயம்தானே, நான் மட்டும் என்ன சொல்ல முடியும்?

ஆனால் செய்முறைத் தேர்வைத் தவறவிட்டவர்கள் அடுத்த வருஷம்தான் மறுபடி எழுத முடியும். பிள்ளைகள் விடுவார்களா? அவர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காய்ச்சல்காரியை வரிசையின் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். அவள் முறை வரும்வரை கை கழுவும் குழாயடியில் ஈரத்துண்டை நெற்றியில் அழுத்திப் பிடித்திருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டதும் துடைத்து, லேசாகப் பவுடர் போட்டு அனுப்பிவிடுவார்கள். அக்காவின் கைக்கு நெற்றி ஜில்லென்று இருக்கும். சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த வித்தையாம். மாத்திரை போட்டுப் படுத்தால் சரியாகிவிடும் காய்ச்சல்தான் பெரும்பாலும், அதனால் விஷயம் வெளியே வரவேயில்லை. விடுதி முழுக்கத் தெரிந்தது, அக்காவுக்கு மட்டும் தெரியாது.

ஒல்லியாக இருப்பதால் "பென்சில்" என்று தோழிகள் கூப்பிடும் ஒரு பெண், வேதியியல் இரண்டாம் வருஷம். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. கழுத்தை வளைக்க முடியவில்லை, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்றும் சொன்னாளாம். "ராத்திரி பகலா படிச்சா அப்படித்தான்டி இருக்கும், தூங்கினா சரியாயிடும்" என்று சொல்லி அறைத்தோழிகள் வழக்கம்போல ஈரத்துண்டு வைத்து அனுப்பினார்கள். அக்கா தொட்டுப் பார்த்தாள். "முகம் கழுவிட்டு வந்தியா? சமத்து. போய்ச் சாப்பிடு" என்று கன்னத்தைத் தட்டினாள். இதை இன்றைக்கும் அவளால் முழுசாகச் சொல்ல முடியாது. பாதியிலேயே எழுந்து போய்விடுவாள்.

மறுநாள் ஆய்வகத்தில் அந்தப் பெண் சுருண்டு விழுந்தாள். மூளைக்காய்ச்சல். "நேத்தே கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் அக்காவிடம் எரிந்து விழுந்தாராம். எப்படியோ உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். காது இரண்டும் போய்விட்டது.

ஈரத்துண்டு விஷயம் அப்புறம்தான் அம்பலமானது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தோழிகளை நாலு அறை விட்டிருப்பேன். "கூறுகெட்டதுங்க! ஒரு உயிரோட விளையாடியிருக்குதுங்களே!" என்று கத்தினேன். "அதுங்களைத் திட்டாதே" என்று மட்டும் சொன்னாள் அக்கா. கல்லூரியில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. விதிப்படிதானே நடந்துகொண்டாள்? ஆனால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து முதல்வர் அறைக்குப் போனாள். காய்ச்சல் என்று சொல்லி வருகிற பிள்ளைகளுக்கு வேறொரு நாளில் தேர்வு வைக்க முடியுமா என்று கேட்டாள். "அதுக்கென்ன மேடம், தாராளமா வைக்கலாம். நீங்க முன்னாடியே கேட்டிருந்தா அப்பவே செஞ்சிருப்பேனே" என்றாராம் முதல்வர். அவர் நல்ல மனுஷர்தான், சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அக்கா எப்படி அறைக்குத் திரும்பி வந்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

அறையைக் காலி செய்ய அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அம்மா புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஏதோ பேச வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண்ணே பேசிவிட்டாள். தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தம் போட்டுப் பேசினாள், தாழ்வாரத்தில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"மேடம், இப்ப பரீட்சைக்கு வேற நாள் தர்றாங்களாமே. காய்ச்சல்னு நான் அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருந்தா, எனக்காகப் போய்க் கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருப்பேன் என்று தலையாட்டிவிட்டுப் போவதற்கு என்ன? நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன். அக்கா அவளையே பார்த்தபடி இல்லை என்று தலையசைத்தாள்.

"அதான் மேடம் சொல்லல" என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் கோபமே இல்லை. அம்மா தோளைத் தொட்டுக் கிளம்பலாம் என்று சைகை காட்ட, பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள்.