அம்மாவின் பெயர் ஒட்டிய போத்தல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். மலாயிலோ ஆங்கிலத்திலோ எந்தத் தாள் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொல்வதுதான் வீட்டில் முடிவு. அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றும் உண்டு என்பதுதான் உறுத்துகிறது.

அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் சிறுநீரையும் பார்ப்பார்கள். போன வருடம் ஈப்போவில் என் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு அம்மாவை அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தபின், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ், அம்மாவின் பெயர் ஒட்டிய சின்ன போத்தலைக் கொடுத்தார். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்றார்.

அம்மாவுக்கு வெளியிடத்தில் சிறுநீர் வராது. பல வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. விடிகாலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பி, வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வார்கள். தோட்டம் விற்றுப்போய், இப்போது பேரங்காடியில் கழிப்பறை கழுவுகிறார். ஆனால் நாள் முழுக்கத் தான் கழுவும் கழிப்பறைக்குள் தனக்காக ஒருமுறைகூடப் போக மாட்டார்.

மூன்று தடவை உள்ளே போய் வெறும் போத்தலோடு வந்தார்.

"என்னாம்மா, இன்னும் வரலையா? பத்தரைக்கு எனக்கு மீட்டிங் இருக்கு."

"அவசரப்படுத்தினா வருமாடி? பைப்பா இது, தொறந்து விட? நீ போ லா. நான் குடுத்துட்டு பஸ்ல வாரேன்."

போத்தலை வாங்கிக்கொண்டு நானே உள்ளே போனேன். என் சிறுநீரைப் பிடித்து, மூடியை இறுக்கி, மிஸ்ஸியின் தட்டில் வைத்தேன். அம்மாவிடம், "ரத்தமே போதுமாம், வா போலாம்" என்றேன். மீட்டிங்குக்குச் சரியான நேரத்தில் போய்விட்டேன்.

அடுத்த வாரம் முடிவை வாங்கப் போனதும் நான்தான். புரதம் இல்லை, ரத்தம் இல்லை, கிருமி இல்லை. "எல்லாம் சுத்தம்மா" என்று சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட அப்போது இல்லை. அச்சடித்த தாளில் அம்மாவின் பெயர் இருந்தது. கொஞ்ச நாளில் அது அம்மாவின் முடிவுதான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

அதனால்தான் அம்மா, "கணுக்கால் வீங்குதுடி, ஒண்ணுக்குப் போனா சவக்காரத் தண்ணி மாதிரி நொரை நிக்குது" என்றபோது, தலையைத் தூக்காமல், "ரிப்போர்ட்டு நல்லாத்தானே இருந்துச்சு? நின்னுக்கிட்டே வேலை செஞ்சா வீங்கத்தான் செய்யும்" என்றேன். அம்மா அதே காலோடு மறுநாளும் வேலைக்குப் போனார். படித்தவள் சொல்லிவிட்டாள் அல்லவா.

இந்த வருடம் மிஸ்ஸி சிறுநீரை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னார். வண்ணக் கட்டங்கள் உள்ள ஒரு பட்டையைப் போத்தலில் தோய்த்தார். புரதத்துக்கான கட்டம் கரும்பச்சையாக மாறியது. மூன்று பிளஸ்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். பொறுமையாக மலாயில் விளக்கினார். நல்ல சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் போக விடாது. காய்ச்சல் வந்தாலோ உடம்பை வருத்தி வேலை செய்தாலோ ஒருநாள் கொஞ்சம் தெரியலாம், அதனால் திரும்பவும் பார்க்க வேண்டும். ஆனால் இனிப்பு நீர்க்காரருக்கு இவ்வளவு போனால் சிறுநீரகம் பழுதாகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பிறகு கோப்பைப் புரட்டி, நெற்றியைச் சுருக்கினார். போன வருடம் சிறுநீர் முழுச் சுத்தமாக இருந்திருக்கிறதே என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "போன வருஷம் நான் எங்கடி ஒண்ணுக்குக் குடுத்தேன்?"

"சும்மா இரும்மா."

ஒரே வருடத்தில் இவ்வளவு மோசமாவது இனிப்பு நீரால் மட்டும் இருக்காது, வேறு நோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, ஊசி குத்திச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கச் சொல்லப்போவதாகவும் சொன்னார். கடிதம் எழுத ஆரம்பித்தார். அம்மா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மாவுக்கு மலாய் தெரியும், ஆங்கிலம் தெரியாது. போன வருடம் கொடுத்தது என்னுடையது.

டாக்டர் பேனாவை வைத்தார். என்னைத் திட்டவில்லை. இதை உங்கள் அம்மாவுக்கும் சொல்லுங்கள் என்றார், மலாயில், அம்மாவுக்கும் கேட்கும்படி.

தமிழில் சொன்னேன்.

"அப்ப போன வருஷம் சுத்தமா இருந்தது ஒன் கிட்னியா?"

"ஆமாம்மா."

"நொரை போகுதுன்னு சொன்னேனேடி. ஒன் வாயை நம்பித்தானே சும்மா இருந்தேன்."

டாக்டர் பழைய முடிவைக் கோடு போட்டு அடித்தார். ஒரே வருடத்தில் மோசமானது என்று சொல்ல முடியாததால் இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்று கடிதத்தையும் கிழித்தார். எப்போது தொடங்கியது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது என்றார். போன வருடமே தெரிந்திருந்தால் அப்போதே மருந்து தொடங்கியிருக்கலாம். இன்றைய ரத்தமும் புதிதாக ஒரு போத்தல் சிறுநீரும் ஆய்வுக்கூடத்துக்குப் போகட்டும், எவ்வளவு பழுது என்று அதில் தெரியும் என்றார்.

மிஸ்ஸி இன்னொரு போத்தல் கொடுத்தார். அம்மா இரண்டு தடவை உள்ளே போய் வந்தார். நான் அலுவலகத்துக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

"ஒனக்கு மீட்டிங் இல்லையா?"

"இல்லம்மா. மெதுவா போ."

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா வெளியே வந்தார். நான் கை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டிப் போய், போத்தலைத் தானே மிஸ்ஸியின் தட்டில் வைத்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர், அதில் ஒட்டியிருந்த பெயரை விரலால் காட்டி, மலாயில் கேட்டார்: "இது என் பெயர்தானே?"