விருந்தாளி மீன்களுக்கு ஒரு தொட்டி

தொண்டை கட்டிக்கொண்டது என்று நேற்றுக் காலை வெந்நீரில் உப்பைப் போட்டேன். கலக்கிக் கொப்பளித்தால் வேலை முடிந்தது. நானோ தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் கிடந்த கடைசிக் கல்லும் கரையட்டும் என்று நின்றேன். "என்னங்க, தவமா?" என்றாள் மனைவி. ஜூரோங்கில் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் கணினியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவன் நான். ஆனாலும் உப்பு முழுக்கக் கரையாத தண்ணீரைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. பழைய பிழைப்பு அப்படி.

சிங்கப்பூர் வந்த புதிதில் கடல்மீன் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். படித்தது மெக்கானிக்கல், செய்தது மீனுக்குப் பணிவிடை. வாளி, ரப்பர் குழாய், உப்பு மூட்டை சகிதம் வீடு வீடாகப் போய், உப்பைக் கல் இல்லாமல் கரைத்துத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவேன். திரும்பி வரும்போது ரயிலில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். அவ்வளவு வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. குவீன்ஸ்டவுனில் கமால் பாய் வீட்டில் மட்டும்தான் அந்தக் கோலத்திலேயே என்னை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுப்பார்கள்.

பாய் தேக்காவில் துணிக்கடை வைத்திருந்தவர். மனைவிக்குப் பக்கவாதம் வந்ததும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். பாயம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வரும். கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்து பிளாஸ்டிக் கோப்பையை நீட்டி "லிஃப்ட், ஆன்ட்டி, லிஃப்ட்" என்று மன்றாடுவாள். பாயம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கூடத்துத் தொட்டியில் ஒரு ஏஞ்சல் மீன் இருந்தது. நீல உடம்பில் மஞ்சள் கோடு கோடாக, உள்ளங்கை அகலம் இருக்கும். அதற்குத் தீனி போட மட்டும் அந்த வலது கை நடுங்கி நடுங்கி மேலே எழும். மீனும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். "டாக்டர் சொல்லி நடக்காதது, இந்தக் கழுதைக்காக நடக்குது பாருங்க தம்பி" என்பார் பாய்.

வினை வந்தது அன்பினால்தான். அந்த வீட்டுக்கு ஆள் வரத்து அப்படி. நாகூர்க்காரர்கள், கடைக்காரர்கள், சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம் என்று நோயாளியைப் பார்க்க வந்துகொண்டே இருப்பார்கள். வெறுங்கையோடு வர முடியுமா? முதலில் ஆப்பிள் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. பாயம்மாவுக்கு மீன் என்றால் உயிர் என்று தெரிந்ததும், பிளாஸ்டிக் பையில் மீன் வர ஆரம்பித்தது. கொண்டுவந்தவர் தன் மீன் தொட்டிக்குள் நீந்துவதைப் பார்த்துவிட்டுத்தான் டீயை எடுப்பார்.

புது மீனைத் தனித் தண்ணீரில் சில வாரம் வைத்திருந்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் கூட்டத்தில் விடவேண்டும். வாளியும் வைத்து, சொல்லியும் வைத்தேன். பாய்க்கு மனசு ஒப்பவில்லை. "வந்தவங்க முன்னாடியே அவங்க கொண்டாந்ததை வாளியிலயா போடறது? நம்ம வீட்ல அப்படி வழக்கமில்ல தம்பி." வந்த மீனெல்லாம் நேராகக் கூடத்துப் பெரிய தொட்டிக்கே போயிற்று.

ஒரு நாள் ஏஞ்சல் மீனின் செட்டையில் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். மருந்து எடுக்கக் கடைக்கு ஓடினேன். அங்கே தேடிக்கொண்டிருக்கும்போதே பாய் போனில் கூப்பிட்டார். "புள்ளியெல்லாம் போயிருச்சு தம்பி, அல்லாஹ் காப்பாத்திட்டான்!" அவருடைய சந்தோஷத்தைப் போனில் கெடுக்காமல், நேரில் போய்த்தான் உண்மையைச் சொன்னேன். இந்த நோயின் கள்ளத்தனமே அதுதான். ஒட்டுண்ணி மீனை விட்டு உதிர்ந்து, மணலில் ஒளிந்து, ஒன்று நூறாகப் பெருகித் திரும்பி வரும். மீன் இல்லாமல் தொட்டியை இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா விட்டுவைத்தால்தான் அது பட்டினியில் சாகும். மீனுக்குச் செம்பு மருந்து. அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் பவளமும் இறாலும் செத்துப்போகும். ஆக, மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றியாகவேண்டும்.

பாய் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "அது செத்துச்சுன்னா இவ கையை மறந்துருவா. எப்படியாவது காப்பாத்திக் கொடுங்க தம்பி."

கிரைண்டர் இருந்த மேடையைக் காலி செய்து மருந்துத் தொட்டியை வைத்தோம். மணல் இல்லை, கல் இல்லை, மீன் ஒளிய இரண்டு குழாய்த் துண்டு மட்டும். ஏஞ்சல் மீனுக்குச் செம்பு கூடினால் அதுவே எமன், குறைந்தால் மருந்து போட்டும் வீண். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். வேலை முடிந்ததும் தினமும் ஓடிவந்து தண்ணீரைச் சோதிப்பேன். ஏஞ்சல் மீன் தீனியைத் தொடவில்லை. குழாய்க்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. பாயம்மாவின் சக்கர நாற்காலி அந்தச் சமையலறையில் திரும்பக்கூட இடமில்லை. பாய் அதை நேரே உள்ளே தள்ளிவந்து, போகும்போது பின்னுக்கு இழுத்தே கொண்டுபோவார். பாயம்மா கையைத் தூக்குவார், தீனி மிதக்கும், மீன் வராது. மறுநாளும் தூக்குவார். அதைப் பார்க்க மாட்டாமல் நான் வாளியைக் கழுவப் போய்விடுவேன்.

ஒரு மாலை நான் கதவைத் திறக்கும்போதே "சாப்பிட்டுருச்சு தம்பி!" என்று பாய் கத்தினார். பாயம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன்?

பெரிய தொட்டிக்கு மீன் திரும்பிய அன்று, இனி விருந்தாளிகள் கொண்டுவரும் மீனை என்ன செய்வது என்பதற்கு வழியைச் சொன்னவர் பாயம்மாதான். "வாசல்ல... தொட்டி. லைட்டு போட்டு." எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். கதவை ஒட்டி ஒரு சின்னத் தொட்டி வைத்தோம். நீல விளக்கு, பளபளவென்று பின்துணி. விருந்தாளி கொண்டுவரும் மீன் அவர் கண்ணெதிரிலேயே அதில் இறங்கும். "அட, நம்ம மீனுக்குத் தனி பங்களாவா லா!" என்று ஒருவர் பூரித்துப்போனார். அது ஆஸ்பத்திரி வார்டு என்று யாருக்கும் தெரியாது. சில வாரம் கழித்துத்தான் பெரிய தொட்டிக்கு மாற்றுவேன். அடுத்த முறை வருகிறவர் அங்கே தன் மீனைத் தேடுவார்.

பிறகு நான் வேலை மாறினேன். கிடங்கில் ஏசி, கை நாறாது. ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு அங்கே போவேன். போகப் போக வாசலில் செருப்புகள் குறைந்தன. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் "ஏன் தொந்தரவு" என்று போனில் முகம் காட்டினார்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் அடைத்த கதவு அப்புறம் சரியாகத் திறக்கவே இல்லை.

கடைசியாக நான் போனது, பழைய அடுக்குமாடிப் புளோக்கை இடிக்கப்போகிறார்கள் என்று அவர்கள் மகன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம். பெட்டிகளுக்கு நடுவே வாசல் தொட்டியில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு மீனும் இல்லை. பாய் பாயம்மாவின் நாற்காலியை அதனருகே தள்ளிவந்தார். பாயம்மா வலது கையைத் தூக்கி, காலித் தண்ணீரில் ஒரு சிட்டிகை தீனி போட்டார். தீனி போடாவிட்டால் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், தொட்டி பாழ். எப்போதோ நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"தினமும் போடறா தம்பி" என்றார் பாய். "யாராச்சும் வந்தா ரெடியா இருக்கணும்ல."

அந்த வீட்டில் வெள்ளைப் புள்ளி மறுபடி வரவே இல்லை. புதிதாக ஒரு மீன் உள்ளே வந்தால்தானே!