துண்டு கட்டிய நடுகல்

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நடுகல் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் படமெடுக்கப் போனேன். எந்தக் காலத்திலோ சண்டையில் செத்த வீரன் ஒருவனின் உருவத்தைச் செதுக்கி நட்ட கல். பந்தலுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் நின்றது. வீரனின் மூக்கையும் வாயையும் மூடி யாரோ சிவப்புத் துண்டு கட்டியிருந்தார்கள்.

பக்கத்தில் ஒல்லியான ஒருவர் மருந்தடித்து முடித்து ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தார். மயில்துத்தம் ஏறி அவருடைய நகமெல்லாம் நீலம். அவர் முகத்திலும் அதே மாதிரித் துண்டு.

“கல்லுக்கு எதுக்குங்க இது?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “மருந்தடிக்கையில ரெண்டு பேரும் கட்டிக்கிருவோம் சார். ஒருக்கா இவுகளுக்குக் கட்ட மறந்துட்டேன். பொழுது சாயிற வரைக்கும் இருமிக்கிட்டே இருந்தாக.”

எனக்கு முகம் தெரிகிற படம் வேண்டும். “நெடி போகட்டும் சார், செத்த பொறுங்க” என்று அவர் கெஞ்சினார். படித்தவன் என்ற திமிரில் நானே முடிச்சை அவிழ்த்தேன்.

உச்சி வெயிலில் துண்டு மொடமொடவென்று காய்ந்திருந்தது. உள்பக்கம், வாய் பட்ட இடம் மட்டும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

படம் எடுக்கவில்லை. அவிழ்த்த துண்டைத் திரும்பக் கட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாக அவர் சொன்னதுதான் இன்றும் காதில் நிற்கிறது.

“ரொம்ப இறுக்காதீக சார். மூச்சு விடணும்ல.”