படுத்து ஓட்டிய சைக்கிள்

எங்கள் தோட்டத்துத் தபால் பையை மாத்தளைத் தபால் கந்தோரிலிருந்து சைக்கிளில் கொண்டுவருவது என் வேலை. ஒரு மழை நாளில் சறுக்கி விழுந்த பிறகு சீட்டில் உட்கார்ந்தாலே இடுப்பில் ஆணி அடித்த மாதிரி வலிக்கும்.

என் மனைவியின் அண்ணன் தேயிலை ஸ்டோரில் மெஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர். ஏதோ பழைய சஞ்சிகையில் படம் பார்த்தாராம். கழித்துப்போட்ட குழாய்களை ஒட்டி, சாய்ந்து படுத்தபடி காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள் ஒன்றைச் செய்து தந்தார். சாக்குத் துணியில் இருக்கை.

இடுப்பு வலி நின்றது. இறக்கத்தில் காற்றாய்ப் போகும். ஏற்றம்தான் சங்கடம். சாதாரண சைக்கிளில் எழும்பி நின்று மிதிக்கலாம். இதில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நாய்கள் முகத்துக்கு நேரே குரைக்கும். தாழப் படுத்திருக்கிற என்னை வளைவில் லொறிக்காரர்களுக்குத் தெரியாது என்று மச்சான் ஒரு மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டிவிட்டார். இவ்வளவு இருந்தும் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

தோட்டத்தை நடத்துகிற தொரை அதைப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு வரச் சொன்னார். விருந்தாளிகள் முன்னால் புல்வெளியைச் சுற்றினேன். சிரித்தார்கள், படம் பிடித்தார்கள். அடுத்த ஞாயிறும் ஆள் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும். ஒரு ஞாயிறு நான் போகவில்லை.

மறுநாள் தோட்ட ஆபீசிலிருந்து பெரிய கிளாக்கர் கூப்பிட்டார்.

"நேத்து தொர வரச் சொன்னாரில்ல?"

"பூசைக்குப் போயிட்டேங்க ஐயா."

"பூசை முடிஞ்சு வந்திருக்கலாமே."

"தபால் கொண்டு வரத்தாங்க இத ஓட்டுறேன். வேடிக்கை காட்ட இல்லைங்க."

அந்த வாரமே தபால் பை வேறொருவர் கைக்குப் போனது. படுத்துக்கொண்டு வேலை செய்கிறவனைப் பார்த்து மற்றவர்களும் கெட்டுப்போவார்கள் என்று தொரை சொன்னாராம். என்னைப் புல்லுவெட்டுக்குப் போட்டார்கள். நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற வேலை.

"ஒங்க இடுப்பு எனக்குத் தெரியும். நான் என்னத்த செய்யிறது?" என்றார் கிளாக்கர், மேசையைப் பார்த்தபடி.

மச்சானுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தொழிற்சங்கத் தலைவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு வாசலில் நின்ற சைக்கிளை எட்டிப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும், ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க பாப்போம்."

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அரசாங்கம் தோட்டத்தைத் தன் பொறுப்பில் எடுக்கும்வரை புல்லுதான் வெட்டினேன்.