எழுமலைக்கு ஒரு மதில்

2004 மே 23, ஞாயிற்றுக்கிழமை. மாநகராட்சித் தண்ணீர் வரும் முறை நாள். எழுந்ததும் இரண்டு டிரம்களையும் தொட்டியையும் நிரப்பி, மூடிகளின் மேல் வெள்ளைத் துணி கட்டினேன். பேப்பரில் புதிய மத்திய அமைச்சர்களின் பட்டியல் வந்திருந்தது. ஒரு பெயர் விடாமல், இணை அமைச்சர்கள் வரை படித்தேன். பிறகு வில்லாபுரம் மெயின் ரோட்டுக் கறிக்கடையில் வரிசையில் நின்று, நெஞ்செலும்பு கேட்டு, கடைக்காரர் போட்ட தொடைக்கறியை மறுபேச்சில்லாமல் வாங்கி வந்தேன். மனைவி பையைத் திறந்து பார்த்தாள். சொல்ல வேண்டியதைக் குழம்பு கொதிக்கும்போது சொல்வாள்.

மறுநாள் என் மகளுக்கு எம்.சி.ஏ. கடைசி வருடத்து வாய்மொழித் தேர்வு. அவள் செய்திருந்த ப்ராஜெக்டை வெளிக் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவர் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார். ஓடினால் பட்டம். ஓடாவிட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி அவளை எடுத்திருந்தது. பட்டத்தோடு ஜூலையில் வந்து சேரச் சொல்லியிருந்தது. காத்திருக்கிற கம்பெனி அல்ல அது.

ப்ராஜெக்ட் இதுதான். கணினியில் வியூக விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு ஊரில் தொடங்கி, வயல் திருத்தி, மதில் கட்டி, புதிது புதிதாகக் கண்டுபிடித்து, பக்கத்து நாட்டுக்காரனைச் சமாளித்து, ரயிலும் மின்சாரமும் வரும் காலம்வரை நாட்டைக் கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் மற்றவர்களிடம் இல்லாத ஒரு வீரன், ஒரு கட்டடம், ஒரு குணம் இருக்கும். அவள் எடுத்துக்கொண்ட விளையாட்டில் நம் நாடும் இருந்தது. ஆனால் யானையும் தலைப்பாகையுமாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய நாட்டை, நாம் இருக்கிற நாட்டை, ஆடக்கூடிய நாடாகச் செய்து அதில் சேர்ப்பதுதான் அவள் வேலை.

அதில் நான் எப்படி நுழைந்தேன் என்றால், மார்ச் மாதம் ஒருநாள் அவளே கேட்டாள்.

"அப்பா, மத்த நாட்டுக்காரன்கிட்ட இல்லாத குணம் நம்மகிட்ட என்ன இருக்கு? ஒண்ணு சொல்லுங்க போதும்."

அவள் எதிர்பார்த்தது ஒரு வாக்கியம். நான் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கிறவன் நான். எதைச் செய்தாலும் விதி எண், உட்பிரிவு, அதற்கு விலக்கு, விலக்குக்கு விளக்கம் என்று எழுதினால்தான் செய்ததாகத் தோன்றும். ஃபுல்ஸ்கேப் தாளில் இடதுபக்கம் மடித்து ஓரம் விட்டு, ஒரு தேசத்தை எழுதத் தொடங்கினேன். என் நாட்டில் எந்த ஊரிலும் எந்தக் கட்டடமும் தடையின்மைச் சான்று இல்லாமல் எழும்பக் கூடாது. சான்று தர அந்த ஊருக்கு ஓர் எழுத்தர் வர வேண்டும். எழுத்தரை உண்டாக்கத் தாலுகா அலுவலகம் வேண்டும். தாலுகா அலுவலகம் கட்ட, ஏற்கெனவே வேறொரு ஊரில் இருக்கும் எழுத்தரின் சான்று வேண்டும். அப்படியானால் முதல் எழுத்தர் எங்கிருந்து வருவார் என்று மகள் கேட்டாள். தலைநகருக்கு மட்டும் விலக்கு என்று ஓர் உட்பிரிவு சேர்த்தேன். அந்த உட்பிரிவை எழுதிய மாலையில் எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

ஊர்ப் பட்டியல் இன்னொரு கதை. ஆடுகிறவர் புதிய ஊர் அமைக்கும்போதெல்லாம் பட்டியலில் அடுத்திருக்கும் பெயரை விளையாட்டு தானாக வைத்துவிடும். நான் மக்கள்தொகை வரிசையில் எழுதினேன். எங்கள் மதுரை வெகுதூரம் தள்ளி வந்தது. இரண்டாவதாகப் போடுங்கள் என்று வீட்டில் எவ்வளவோ சொன்னார்கள். பாரபட்சம் கூடாது என்று மறுத்துவிட்டேன்.

மனைவிக்கு உசிலம்பட்டிப் பக்கம் எழுமலை. "எங்க ஊரு எத்தனாவது?" என்றாள்.

"அது நகரப் பட்டியல். எழுமலை பேரூராட்சி."

"அப்ப பேரூராட்சிக்குத் தனியா ஒரு பட்டியல் போடுங்க. தாளுக்கா பஞ்சம்?"

அதற்கு விதியில் இடமில்லை என்றேன். அன்று இரவு எனக்கு உப்புமா.

மகள் என் விதிகளை எதிர்க்கவில்லை. எல்லாவற்றையும் நிரலாக எழுதினாள். அப்பா சொன்னதற்காகவா, ப்ராஜெக்ட் புத்தகம் தடிமனாகும் என்பதற்காகவா என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு விதியையும் தனித்தனியாகச் சோதித்து சரியென்று கண்டிருந்தாள். ஆனால் முதலிலிருந்து முழு ஆட்டமாக யாரும் ஆடிப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனனை வரச் சொல்லியிருந்தோம்.

மைத்துனன் மனைவியின் தம்பி. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். மாலையில் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கல்லூரிப் பையன்களோடு உட்கார்ந்து இந்த மாதிரி விளையாட்டுகளில் பல சாம்ராஜ்யங்களைக் கவிழ்த்தவன். மத்தியானம் கறிக்குழம்பை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கணினி முன் உட்கார்ந்தான்.

"நம்ம நாட்டு வீரன் எங்க, மாமா? காட்டு," என்றான். மகள் அவனை மாமா என்று கூப்பிட, அவனும் பதிலுக்கு அவளை மாமா என்றே கூப்பிடுவான். எங்கள் வீட்டில் அது வழக்கம்.

மகள் எழுத்தரைக் காட்டினாள். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல்.

"மச்சான், இது நீங்கதானே? அசைய மாட்டேங்குறாரே."

"அனுமதி கிடைச்சா அசைவார்," என்றேன்.

ஆட்டம் தொடங்கியது. தலைநகர் அமைந்தது. இரண்டாவது ஊர் அமைந்தது. மூன்றாவது ஊர் அமைந்ததும் திரையில் எழுமலை என்று பெயர் வந்தது. நான் மகளைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள்.

"எங்க, எங்க? இதுவா? பக்கத்துல மலையெல்லாம் போட்டிருக்கு! அப்படியே இருக்கேடி."

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். வடக்கே பக்கத்து நாட்டுக்காரன் கவண் பொறிகளோடு மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

"தம்பி, நம்ம ஊருக்கு மதில் கட்டுடா மொதல்ல."

மைத்துனன் மதிலை அழுத்தினான். 'தடையின்மைச் சான்று நிலுவையில் உள்ளது' என்று ஒரு பெட்டி வந்தது. அந்த வாசகம் நான் எழுதியது.

"எழுத்தரு எங்க?" என்றான்.

"தலைநகர்ல இருக்காரு மாமா. நடந்து வரணும்."

"பஸ்ல ஏத்தி விட முடியாதா?"

"பயணப்படி ஒப்புதல் ஆகணும்," என்று மகள் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

இந்த ஆட்டத்தில் நாடுகளுக்கு மாறி மாறி முறை வரும்; எழுத்தர் முறைக்கு ஒரு கட்டமாக நடந்து வந்தார். நடுவில் தேர்தல் வந்தது. தேர்தல் நேரத்தில் எழுத்தர்களெல்லாம் தேர்தல் பணிக்குப் போக வேண்டும் என்று விதி எழுதியிருந்தேன். அந்த மாதம்தான் நானே தேர்தல் பணிக்குப் போய்வந்தேன். விட்டுவிட மனம் வரவில்லை. எழுத்தர் திரும்பி நடந்தார். கவண் பொறிகள் எழுமலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"வில்லுக்காரன எறக்குடா!"

"ஆயுதக்கிடங்குக்கும் சான்று வேணும்க்கா. மச்சான் ஒரு ஓட்டையும் விடல."

எழுமலை விழுந்தது. கொடி மாறியது. அடுத்த சில முறைகளில் இரண்டாவது ஊரும் போனது. தலைநகரில் மட்டும் ஒரு தாலுகா அலுவலகம், அதற்குள் பத்திரமாக ஓர் எழுத்தர். நாடு முடிந்துவிட்டது. சக்கரத்தைக்கூட நாங்கள் கண்டுபிடித்திருக்கவில்லை.

மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க சான்றுச் சீட்டுனாலதாங்க எங்க ஊரு போச்சு."

மகளும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு எக்ஸ்டர்னல் உக்காந்தா டீ ஆறுறதுக்குள்ள இதான் நடக்கும்," என்றாள். "இது நாடு இல்லப்பா. ஒங்க ஆபீஸு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "உள்ளது உள்ளபடிதானே எழுதியிருக்கேன்? சான்று இல்லாம இங்க எது நடக்குது?"

மைத்துனன் சிரிப்பை நிறுத்தினான். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட முகம்.

"என்ன மச்சான் பேசுறீங்க? என் பட்டறை ஓட ஆரம்பிச்சு எம்புட்டுக் காலம் ஆச்சு? லைசென்ஸ் போன தீபாவளிக்குத்தானே வந்துச்சு. எங்க வரிசைல அத்தன பட்டறையும் அப்படித்தான். மொதல்ல ஷெட்டப் போடுவோம். வேலை ஓடும். அப்புறமா ஆபீஸர் வருவாரு, அளப்பாரு, அபராதம் கட்டுவோம், கட்டுனது கட்டுனபடியே செல்லும்னு வரன்முறை பண்ணிக் குடுத்துட்டுப் போவாரு."

"அது விதிமீறல்," என்றேன்.

"அப்ப இந்தத் தெருவு?" என்றாள் மனைவி. முனை வீட்டிலிருந்து தொடங்கி, எந்த வீட்டுக்காரர் மாடி எடுத்த பிறகு பிளான் அப்ரூவல் வாங்கினார், யார் போர்டிகோவைக் கட்டிவிட்டு மனு எழுதினார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டுக்கு முந்தைய வீட்டோடு, மரியாதைக்காக, நிறுத்திக்கொண்டாள்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாமா, மறுபடி சொல்லுங்க. மொதல்ல கட்டுவீங்க. அப்புறம்?"

"அப்புறம் வரன்முறை."

"அபராதம் அரசாங்கத்துக்குப் போகும்?"

"போகும்."

"அப்ப எழுத்தர் வந்து நின்னா ஊருக்கு வருமானம்!"

அவ்வளவுதான். மற்ற நாட்டுக்காரர்கள் கட்டடம் கட்டக் கல், மரம், காலம் எல்லாம் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் ஷெட் உடனே எழும்பும். பாதி பலம்தான், ஆனால் எழும்பிவிடும். எழுத்தர் என்றைக்காவது வந்து சேரும்போது அது முழுப் பலம் பெறும், கருவூலமும் நிறையும். வேறு எந்த நாட்டிடமும் இல்லாத குணம் ஒன்று. அவள் மார்ச் மாதம் கேட்டது அதைத்தான்.

"எழுத்தர எடுத்துரட்டுமா?" என்று அவள் கேட்டபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். "சும்மா கேட்டேன்ப்பா. அவரு இருக்கட்டும். லேட்டா வரட்டும்."

"அச்சடிச்ச புத்தகத்துல பழைய விதில்ல இருக்கு?" என்றேன்.

"டெஸ்டிங்ல தோத்துச்சு, மாத்துனேன்னு சொல்லிக்குவேன். அதுக்குத்தானே டெஸ்டிங்."

நான் ஒரு மாற்று வரைவு எழுதுவதற்காகத் தாள் எடுத்தேன். மடித்து ஓரம் விடும்போதே மனைவி அதை வாங்கி, அப்பளம் வைக்கக் கொண்டுபோய்விட்டாள். என்னை அறைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். கூடத்தில் உட்கார்ந்து காலைப் பேப்பரை மறுபடி படித்தேன். அமைச்சர்கள் யாரும் மாறவில்லை. உள்ளே மகள் தட்டிக்கொண்டேயிருந்தாள். நான் வாரக்கணக்கில் எழுதிய விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி, மைத்துனன் "தூக்கு" என்பதும் அவள் தூக்குவதும் கேட்டது. 'பயணப்படி' போனது. 'தேர்தல் பணி' போனது. தலைநகருக்கான விலக்கு போனபோது நான் எழுந்து தண்ணீர் குடித்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு கூப்பிட்டாள். "அப்பா, இப்ப நீங்க ஆடணும்."

"எனக்கு ஆடத் தெரியாதே."

"அதான் வேணும். எக்ஸ்டர்னலுக்கும் தெரியாது. எம்புட்டு மோசமா ஆட முடியுமோ ஆடுங்க."

அதில் நான் குறை வைக்கவில்லை. வருகிற ஒவ்வொரு செய்திப் பெட்டியையும் கடைசி வரிவரை படித்தேன். இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்டினேன். வீரர்களை வயலிலும் உழவர்களை எல்லையிலும் நிறுத்தினேன். வடக்கே கவண் பொறிகள் கிளம்பியபோது எது மதில் என்று தேடி, தவறுதலாகச் சந்தை கட்டினேன். மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். மனைவி, "அந்தப் படம்ங்க, செங்கல் படம், அத அமுக்குங்க," என்று என் தோள்மேல் சாய்ந்து கத்தினாள். அமுக்கினேன். எழுமலையைச் சுற்றித் தகர ஷெட் மாதிரி ஒரு மதில் சட்டென்று எழும்பியது. பொறிகள் மோதின. மதில் ஆடியது, நின்றது. வந்தவன் களைத்துத் திரும்பினான். அதற்குப் பிறகு நிதானமாக, ஃபைலோடு என் எழுத்தர் வந்து சேர்ந்தார். மதில் கல்லானது.

ஒரு வழியாக மின்சாரமும் கண்டுபிடித்தேன். நாடு அப்போதும் இருந்தது.

மகள் நாற்காலியில் சாய்ந்து, அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "ஒங்களையே தாங்கிருச்சுப்பா. இனி யாரு வந்தாலும் தாங்கும்."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கல்லூரி ஆய்வகக் கணினிகளில் இந்த விளையாட்டு ஓடாது என்பதால், எங்கள் வீட்டுக் கணினியைத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காலையில் ஷேர் ஆட்டோ பேசிக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு மைத்துனன் கிளம்பினான். "மச்சான், நீங்க எதையும் தொடாதீங்க. நான் வாரேன்," என்று படியில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில், பல் துலக்குவதற்கும் முன்னால், முதல் வேலையாகக் கணினியின் பின்பக்கத்து ஒயர்களைக் கழற்றி, எந்த ஒயர் எந்தத் துளைக்கு என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டினேன்.