எருமைக்கொம்புக் கூரை

ஹூஸ்டன் பக்கம் ஃப்ரீவே ஓரத்தில் ஒரு சுமத்ராக்காரரின் சாப்பாட்டுக் கடை. சுவரில், எருமைக்கொம்பாட்டம் கூரை வளைந்த மர வீடுகளின் படம். மலைமேல் இருக்கும் தன் பழைய ஊர் என்கிறார், மினாங்கபாவ் சனமாம்.

"அஞ்சாவதோட நின்னவன் ஈரோட்டுல மூணு வீடு கட்டியிருக்கேன்னு சொல்லு கண்ணு."

இங்கேயே குடியிருக்கும் மகள் நான் சொன்னதை இங்கிலீஷில் சொல்லி, அவர் பதிலை எனக்குச் சொல்கிறாள். "அவங்க ஊர்ல வீடெல்லாம் பொண்ணுங்களுக்குத்தானாம். ஆம்பளைங்க வெளியூர் போய்ப் பொழச்சுக்கணுமாம். உங்க மூணுல மகளுக்கு எதுன்னு கேக்கறாருங்கப்பா."

மூன்றையும் மகன்களுக்கே எழுத முடிவுசெய்துதான் வந்திருக்கிறேன். இவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் இந்த மனுசன் முன்னால் நான் சின்ன ஆளாகிவிட முடியுமா?

"கடைவீதி வீடு உனக்குன்னு சொல்லு. அதுதான் பெருசு."

அவள் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. என் முகத்தையே பார்க்கிறாள்.

"சொன்னா சொன்னதுதான் கண்ணு," என்கிறேன். நான் பேச்சு மாறாதவன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.