சத்தமில்லாத சகடை

அறுபதுகளின் தொடக்கத்தில் நார்த்தாமலைக்குப் போகிற ரோட்டோரத்தில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. அதில் நான்தான் ஆபரேட்டர். மெஷின் ஒன்றே ஒன்று. ரீல் தீர்ந்ததும் விளக்கைப் போடுவேன். அடுத்த ரீலை மாட்டும்வரை ஜனங்கள் முறுக்கு தின்பார்கள். பேய்ப் படம் என்றால் எனக்கு இளக்காரம். வெள்ளைப் புடவைக்கும் புகைக்கும் பயந்து அலறுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

அந்தச் சிரிப்பை ஒரு புது டைரக்டர் அடக்கிவிட்டார். அவருடைய படப்பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது. கதை ஒன்றும் பெரிதில்லை. கல்யாணமாகி வந்த பெண் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள். கயிறு ஓடும் சகடை கிறீச் கிறீச்சென்று சுற்றுகிறது. அவள் குடத்தோடு உள்ளே போன பிறகும் கேமரா கிணற்றடியிலேயே நிற்கிறது. சகடை தானாகச் சுற்றத் தொடங்குகிறது. கயிறு மேலே ஏறுகிறது. துளிச் சத்தம் இல்லை.

முதல் நாள் அந்த இடம் வந்ததும், "சவுண்டு! சவுண்டு!" என்று ஒரே கூச்சல். திரைமேல் மணல் வந்து விழுந்தது. நானும் பதறிப்போய் மெஷினை நிறுத்தி, சவுண்டு பல்பைக் கழற்றி வேறு மாட்டினேன். அப்போதும் சத்தம் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் பிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் நெளிந்து நெளிந்து போகவேண்டிய சத்தக் கோடு அந்த இடம் முழுக்க நேராக ஓடியது. மனுஷர் வேண்டுமென்றேதான் சத்தத்தை எடுத்திருக்கிறார். பெரிய ஆபரேட்டர் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் பக்கம் வறண்ட பூமி, கிணறெல்லாம் பாதாளம். விடியும்போதே சகடைச் சத்தம் கேட்டு எழுந்தவர்கள் நாங்கள். அது சத்தமில்லாமல் சுற்றுவதை மறுநாள் நிதானமாகப் பார்த்தபோது அடுத்த ரீலை எடுத்துவைக்கக்கூட மறந்துவிட்டேன். கடைசிவரை அவர் பேயைக் காட்டவே இல்லை. வாளி கிணற்று விளிம்புக்கு வருகிற நேரத்தில் அந்தப் பெண்ணின் முகத்துக்குப் போய்விடுகிறார். வாளியில் என்ன வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு நாளும் கூச்சல் ஓயவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் முதலாளி கேபினுக்கு வந்தார்.

"அந்தக் கெணத்தடி சீன வெட்டிப்போடு. சத்தமில்லாத படத்த எவன் பாப்பான்?"

"வெட்ட மாட்டேன் முதலாளி. படத்துக்கு உசுரே அங்கதான் இருக்குங்க."

"கொட்டகை எனக்கா, ஒனக்கா?"

"ஒங்களுக்குத்தாங்க. ஆனா கத்திரி என் கையில இருக்கு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "இன்னைக்கி மொத ஆட்டத்துல ஒருத்தன் கத்துனாலும் நீ வீட்டப் பாக்கப் போயிரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டில் கைக்குழந்தை. எனக்கு வேறு தொழிலும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை அவர் கைகாட்டிய இடத்திலெல்லாம் வெட்டி ஒட்டியவன் நான். பாட்டை வெட்டியிருக்கிறேன், தாய் சாகிற கட்டத்தைக்கூட வெட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் மனசு உறுத்தியதில்லை. இதை மட்டும் தொடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம், கிணற்றடி ரீலுக்கு முன் விளக்கு எரிந்தபோது, ரிக்கார்டு போடுகிற இடத்துக்குப் போய் மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் கேளுங்க! இப்ப வர்ற ரீல்ல, கெணத்தடியில கொஞ்ச நேரம் சத்தம் வராது. மெஷின் நல்லாருக்கு, பல்பும் நல்லாருக்கு. படம் எடுத்தவரு வேணும்னே அப்புடி எடுத்துருக்காரு. யாராச்சும் கத்துனீங்க, அத்தோட நிறுத்திப்புட்டு வீட்டுக்குப் போயிருவேன்!"

"மொதல்ல பல்ப மாத்துங்கண்ணே!" என்றது ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு முறை முறைத்துவிட்டுப் போய் ரீலை மாட்டினேன்.

சகடை சுற்றத் தொடங்கியது. கேபின் ஓட்டை வழியே நான் திரையைப் பார்க்கவில்லை, தலைகளைப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. முறுக்கு விற்கிறவர் தட்டோடு நடுவழியில் நின்றுவிட்டார். பெண்கள் பக்கம் ஒருத்தி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கயிறு ஏறிக்கொண்டே இருந்தது. அந்த டைரக்டர் மட்டும் எதிரே இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

கேபின் கதவு திறந்தது. முதலாளி. யாரோ கத்திவிட்டார்கள், மெஷின் இரைச்சலில் எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு ஓட்டையில் கண்ணை வைத்துத் திரையைப் பார்த்தபடியே, குரலை அடக்கிக்கொண்டு எரிந்து விழுந்தார்.

"இந்த எழவு மெஷினு என்னய்யா இப்புடி எரையிது? கொஞ்சம் கொறைக்க முடியாதா?"